ஆறு வாரமாக விடாத வறட்டு இருமல்: கஷாயத்தைத் தொடர்வதா, வேறு வழி பார்ப்பதா?

கேள்வி: உடுமலை ஆசிரியை

வணக்கம். எனக்கு வயது 47. உடுமலைப்பேட்டைக்கு அருகில் உள்ள ஓர் உதவிபெறும் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குத் தமிழ் நடத்துகிறேன். மார்கழி முதல் வாரத்தில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சளியும் காய்ச்சலும் வந்தன. மற்றவர்களுக்கு ஐந்தாறு நாளில் சரியாகிவிட்டது. எனக்கும் நான்காம் நாள் காய்ச்சல் விட்டது, மூக்கொழுகலும் நின்றது. இருமல் மட்டும் தங்கிவிட்டது. இப்போது தை மூன்றாம் வாரம் நடக்கிறது. ஆறு வாரம் ஆகிறது.

சளி எதுவும் வருவதில்லை. தாளிக்கும்போது மிளகாய் நெடி ஏறினாற்போலத் தொண்டைக்குழியில் ஒரு நமைச்சல் கிளம்பும். அதன்பிறகு அடக்க முடியாது. படுத்தவுடன் வருகிறது, வகுப்பில் குரலை உயர்த்தினால் வருகிறது, விடியற்காலைக் குளிர்காற்று பட்டாலும் வருகிறது. சில நாள் இருமி இருமி வாந்தியில் போய் முடிகிறது. எழுதக் கூச்சமாக இருந்தாலும் மறைக்கப் போவதில்லை: பலமாக இருமும்போது சிறுநீர் கொஞ்சம் கசிந்துவிடுகிறது, அதனால் பள்ளிக்கு ஒரு மாற்றுச் சேலையைப் பையில் வைத்துக்கொண்டு போகிறேன்.

செய்து பார்த்தவற்றைச் சொல்கிறேன். முதல் இரண்டு வாரம் மிளகும் மஞ்சளும் போட்ட பால், கற்பூரவல்லி இலை, துளசிச் சாறு. மூன்றாம் வாரத்திலிருந்து என் மாமியார் அதிமதுரம், சித்தரத்தை, திப்பிலி மூன்றையும் இடித்துக் கஷாயம் வைத்துக் காலையும் மாலையும் அரை டம்ளர் தருகிறார். இதற்கு நடுவில் மருந்துக் கடையில் கேட்டு மூன்று நாள் ஆன்டிபயாடிக் சாப்பிட்டேன். பிறகு தெருமுனை மருத்துவர் வேறொன்றை ஐந்து நாளுக்குக் கொடுத்தார். இரண்டு வகை இருமல் சிரப்பும் குடித்திருக்கிறேன். ஒன்று தூக்கத்தைத் தந்தது, மற்றது எதையும் தரவில்லை.

எனக்குச் சர்க்கரை இல்லை, ஆஸ்துமா இருந்ததில்லை, வீட்டில் யாரும் புகைபிடிப்பதில்லை. இரத்த அழுத்தம் இருப்பது ஐப்பசியில் தெரிந்தது. தினமும் காலையில் ஒரு மாத்திரை எடுத்துக்கொள்கிறேன், அது கட்டுக்குள் இருக்கிறது. என் கணவர் இதை ஈஸ்னோபீலியா என்கிறார், சக ஆசிரியை சாக்பீஸ் தூள் என்கிறார், ஆங்கில மருந்து இருமலை அடக்கிச் சளியை நெஞ்சிலேயே கட்டிவிடும் என்று மாமியார் அஞ்சுகிறார். கஷாயத்தையே இன்னும் சில வாரம் தொடரலாமா, இரண்டு மருத்துவத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்ளலாமா, இனி யாரிடம் போக வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடன் கேட்டுக்கொள்வேன்.

மறுமொழி 1: கொல்லிமலைத் தேன்

சகோதரி, எனக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு இதேபோல ஒரு மாதம் இருமல் இருந்தது. ஆடாதோடை இலைதான் என்னைக் காப்பாற்றியது. எங்கள் ஊரில் வேலியோரமெல்லாம் அது நிற்கிறது; ஆடுகூடத் தொடாத கசப்பு என்பதால்தான் அந்தப் பெயரே வந்தது என்பார்கள். நான்கைந்து முற்றிய இலையை நறுக்கி இரண்டு டம்ளர் தண்ணீரில் போட்டு அரை டம்ளராக வற்றவைத்து, வடிகட்டி ஆறிய பிறகு ஒரு தேக்கரண்டித் தேன் கலந்து குடிக்க வேண்டும். பத்து நாளில் நெஞ்சில் இருந்த சளி முழுவதும் வெளியே வந்துவிட்டது. பாடாத நாவையும் பாடவைக்கும் மூலிகை என்று நம் பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. வகுப்பெடுக்கும் தொண்டைக்கு இதைவிட நல்லது கிடையாது. ஆங்கில மருந்தை நிறுத்திவிட்டு இதை மட்டும் செய்து பாருங்கள்.

மறுமொழி 2: பொருநைக்கரை

நான் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்து, அரசுப் பணியில் இருந்து ஓய்வுபெற்றவன். முந்தைய அன்பர் சொன்ன ஆடாதோடை பெருமைக்குரிய மூலிகை என்பதில் எனக்கு ஐயமில்லை. அதில் உள்ள வாசிசின் என்னும் பொருளை முன்மாதிரியாகக் கொண்டுதான் புரோம்ஹெக்சின் என்ற நவீன மருந்தைச் செய்தார்கள். அந்தப் புரோம்ஹெக்சின் உடலுக்குள் போய் மாறுவதால் கிடைப்பதுதான் இன்று பாதி இருமல் சிரப்புகளில் இருக்கும் ஆம்ப்ராக்சால். ஆகவே ஆடாதோடையைக் குடிப்பவரும் அந்தச் சிரப்பைக் குடிப்பவரும் ஒரே குடும்பத்து மருந்தைத்தான் குடிக்கிறார்கள். இரண்டு வைத்தியக்காரர்களும் சண்டையிட்டுக்கொள்ளும்போது எனக்கு இது நினைவுக்கு வந்து சிரிப்பு வரும்.

ஆனால் அதன் வேலை கெட்டிப்பட்ட சளியை இளக்கி வெளியே தள்ளுவது. அன்பருக்கு நெஞ்சில் சளி இருந்தது, அதனால் பயன் கண்டார். ஆசிரியை அம்மாவுக்குச் சளியே இல்லை. இளக்குவதற்கு ஒன்றும் இல்லாத இடத்தில் இளக்கும் மருந்து என்ன செய்யும்? சளி இருமல் வேறு, வறட்டு இருமல் வேறு. முதலாவதற்கு ஆடாதோடை, தூதுவளை, கண்டங்கத்திரி, திப்பிலி போன்றவை பொருந்தும். வறட்டு இருமலில் தொண்டையை ஈரமாக வைத்திருக்கும் பொருள்களே ஆறுதல் தரும்: பனங்கற்கண்டை வாயில் அடக்கிக்கொள்வது, தேனை நக்குவது, இளஞ்சூட்டில் அடிக்கடி தண்ணீர் குடிப்பது. திப்பிலியும் சுக்கும் மிளகும் உறைப்பும் வெம்மையும் உடையவை. ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கும் தொண்டையில் மூன்று வாரம் திப்பிலிக் கஷாயம் ஊற்றினால் நமைச்சல் கூடுவதற்கே வாய்ப்பு அதிகம்.

அதைவிட எனக்குக் கவலை தருவது அதிமதுரம். இனிப்பானது, இதமானது, அதனால் பாதுகாப்பானது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தினமும் இருவேளை, வாரக்கணக்கில் எடுத்தால் அதில் உள்ள கிளைசிரைசின் உடலில் உப்பையும் நீரையும் தேக்கி, பொட்டாசியத்தைக் குறைத்து, இரத்த அழுத்தத்தை ஏற்றும். இது ஏட்டில் மட்டும் உள்ள எச்சரிக்கை அன்று. கால் வீங்கி, அழுத்தம் ஏறி வந்தவர்களை நானே பார்த்து அதிமதுரத்தை நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை எடுப்பவர் அதைத் தொடரக் கூடாது. தங்கள் மாமியார் மனம் நோகாதபடி இதைச் சொல்லுங்கள், அவர் அன்போடுதான் செய்கிறார்.

தேனைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் தொட்டுக்கூட வைக்கக் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் விதை அந்தப் பிஞ்சுக் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கி நரம்பைச் செயலிழக்கச் செய்யலாம். அதேபோல ஆடாதோடை கருப்பையைச் சுருங்கச் செய்யும் தன்மை உடையது என்பதால் கருவுற்ற பெண்களுக்கு ஆகாது. வேலியோரத்தில் இலவசமாகக் கிடைப்பதாலேயே ஒரு பொருள் எல்லோருக்கும் ஏற்றதாகிவிடாது.

கடைசியாக, சித்த மருத்துவனாகவே சொல்கிறேன்: இரண்டு வாரம் கடந்த இருமலுக்கு எந்தச் சூரணத்தையும் எழுதும் முன் நான் சளிப் பரிசோதனைக்கு அனுப்பிவிடுவேன். அதைச் செய்துவிட்டு வாருங்கள்.

மறுமொழி 3: வைகை மருத்துவர்

வணக்கம். நான் மதுரையில் நெஞ்சக நோய்ப் பிரிவில் பணிபுரியும் மருத்துவர், பெண். உங்களை நேரில் பார்க்காமல் நோயின் பெயரைச் சொல்ல முடியாது. ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு வரியை நான் மூன்று முறை படித்தேன். ஐப்பசியில் தொடங்கிய இரத்த அழுத்த மாத்திரையின் பெயர் என்ன? அட்டையைத் திருப்பிப் பாருங்கள். எனலாப்ரில், ராமிப்ரில், லிசினோப்ரில், பெரிண்டோப்ரில் என்று ‘ப்ரில்’ என்று முடிகிற பெயராக இருந்தால், இந்த இருமலுக்கு அதுவே முழுக் காரணமாகவோ பாதிக் காரணமாகவோ இருக்கலாம். அந்த வகை மருந்து நல்ல மருந்துதான். ஆனால் உடலில் பிராடிகைனின் என்ற பொருளைச் சிதைக்கும் நொதியையும் அது தடுத்துவிடுகிறது. அந்தப் பொருள் மூச்சுக்குழாயில் சேர்ந்து இருமல் நரம்புகளைத் தூண்டிக்கொண்டே இருக்கும். அதை எடுப்பவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இப்படி வருகிறது. பெண்களுக்குக் கூடுதலாக வருகிறது. மாத்திரை தொடங்கிய மறுநாளே வரலாம், சில மாதம் கழித்தும் வரலாம், இடையில் ஒரு சளிக்காய்ச்சலோடு சேர்ந்து தொடங்கி எல்லோரையும் ஏமாற்றவும் செய்யலாம். நீங்கள் சொல்லும் தொண்டை நமைச்சல், சளியின்மை, படுத்தவுடன் வருவது எல்லாம் அதற்குப் பொருந்துகின்றன.

தயவுசெய்து இதைப் படித்துவிட்டு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அதை எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் சொன்னால் டெல்மிசார்டான், லோசார்டான் போன்ற வேறு வகைக்கு மாற்றிக்கொடுப்பார். மாற்றிய மறுநாளே இருமல் நிற்காது. பெரும்பாலும் ஒன்று முதல் நான்கு வாரத்திற்குள் குறையும், சிலருக்கு மூன்று மாதம்கூடப் பிடிக்கும்.

ஆனால் இது ஓர் ஊகம்தான். அந்த ஊகம் மனத்திற்குப் பிடித்துவிட்டது என்பதற்காக மற்றதை விட்டுவிடக் கூடாது. நம் நாட்டில் இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் என்றால், வயது, வசதி, தோற்றம் எதையும் பாராமல் காசநோய்க்குச் சளி பார்க்க வேண்டும் என்பது அரசுத் திட்டத்தின் விதி. ஆறு வாரத்தில் இரண்டு ஆன்டிபயாடிக், இரண்டு சிரப் கொடுத்த யாரும் உங்களுக்கு ஓர் எக்ஸ்ரேகூட எழுதவில்லை என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது, வியப்பாக இல்லை. அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனையிலோ சளிப் பரிசோதனை இலவசம். ட்ரூநாட் என்ற கருவி நம் நாட்டிலேயே உருவாக்கப்பட்டது. சில மணி நேரத்தில் கிருமி இருக்கிறதா என்பதையும் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்கு அது கட்டுப்படுமா என்பதையும் சொல்லிவிடும். சளியே வரவில்லையே என்பீர்கள். விடியற்காலையில் எழுந்ததும் வாய் கொப்பளித்துவிட்டு, ஆழமாக மூச்சிழுத்து அடிநெஞ்சிலிருந்து இருமினால் கொஞ்சமாவது வரும், எச்சில் போதாது.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஆன்டிபயாடிக் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். வைரஸால் வந்த இருமலுக்கு அது பயன்படாது என்பது பாதிக் கதை. லீவோஃப்ளாக்சசின் போன்ற சில ஆன்டிபயாடிக்குகள் காசநோய்க் கிருமியையும் அரைகுறையாக அடிக்கும். நோயாளிக்குச் சில வாரம் தேறியது போலத் தோன்றும், பரிசோதனையிலும் கிருமி அகப்படாமல் போகலாம், நோய் உள்ளே வளரும். அப்படித் தாமதமாகி வருபவர்களை நான் ஒவ்வொரு மாதமும் பார்க்கிறேன்.

பரிசோதனைகள் எல்லாம் சுத்தமாக வந்தால், காய்ச்சலுக்குப் பிந்தைய இருமல்தான் முதலில் நினைவுக்கு வரும். வைரஸ் மூச்சுக்குழாயின் உட்பூச்சைப் புண்ணாக்கிவிட்டுப் போயிருக்கும். அது ஆறும்வரை பேச்சு, குளிர்காற்று, ஊதுபத்திப் புகை எதுவாக இருந்தாலும் இருமலைக் கிளப்பும். மூன்று முதல் எட்டு வாரம் வரை இதற்குக் கணக்கு உண்டு. எட்டைத் தாண்டினால் நாள்பட்ட இருமல் என்று தனியாக ஆராய்வோம். வாந்தியில் முடிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கக்குவான் இருமல் குழந்தைகளுக்கு மட்டும் வருவதன்று, சிறு வயதில் போட்ட தடுப்பூசியின் பலம் தேய்ந்த பெரியவர்களுக்கும் வரும். ஆனால் ஆறு வாரம் கடந்தபின் அதற்கு ஆன்டிபயாடிக் கொடுத்தாலும் இருமல் குறையப் போவதில்லை. இளைப்பில்லாமல் இருமலாக மட்டுமே வெளிப்படும் ஆஸ்துமாவும் உண்டு. அதை ஊதிப் பார்க்கும் பரிசோதனையில் கண்டறிந்து இன்ஹேலர் கொடுத்தால் அடங்கிவிடும். இன்ஹேலர் என்றதும் கடைசிக் கட்ட மருந்து, விடவே முடியாது என்று நம் மக்கள் நடுங்குகிறார்கள். மாத்திரையில் மில்லிகிராம் கணக்கில் விழுங்குவதை அதில் மைக்ரோகிராம் கணக்கில் நேராக மூச்சுக்குழாய்க்கு அனுப்புகிறோம், அவ்வளவுதான்.

உங்கள் கணவர் சொல்லும் ஈஸ்னோபீலியா நம் வீடுகளில் எல்லா இருமலுக்கும் வைக்கப்படும் பெயர். இரத்தத்தில் ஈசினோபில் அணுக்கள் சற்றுக் கூடியிருந்தால் அது பெரும்பாலும் ஒவ்வாமையையோ வயிற்றுப் புழுவையோ காட்டும். யானைக்கால் நோயைத் தரும் புழுவால் நுரையீரல் பாதிக்கப்பட்டு இரவெல்லாம் இருமவைக்கும் நோய் உண்மையில் ஒன்று இருக்கிறது; அதில் அந்த அணுக்கள் ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 3000க்கு மேல் எகிறியிருக்கும், டைஎத்தில்கார்பமசின் மாத்திரையை மூன்று வாரம் கொடுத்தால் குறையும். ஒரு சாதாரண இரத்தப் பரிசோதனையில் அவருடைய ஐயம் தீர்ந்துவிடும். சாக்பீஸ் தூள் தொண்டையை உறுத்தும் என்பது உண்மைதான், ஆனால் இருபது ஆண்டு இருமாத தொண்டை இந்த மார்கழியில் மட்டும் ஏன் இருமுகிறது என்று கேட்டால் அதற்குப் பதில் இல்லை.

மேலே பொருநைக்கரை ஐயா அதிமதுரம் பற்றி எழுதியதை நான் முழுமையாக ஏற்கிறேன். தேனை நானும் எழுதுகிறேன், இங்கிலாந்தின் அரசு வழிகாட்டுதலே இருமலுக்குத் தேனைச் சொல்கிறது. சளியில் இரத்தம், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைவு, மூச்சிரைப்பு, நெஞ்சுவலி, குரல் கம்மல் இவற்றில் ஒன்று தென்பட்டாலும் அடுத்த வாரம் என்று தள்ளிப்போடாமல் அன்றே போங்கள்.

மறுமொழி 4: திண்டுக்கல் பூட்டு

மருத்துவர் அம்மா சொன்னதற்கு என் வீட்டிலேயே சாட்சி இருக்கிறது. என் தகப்பனார் வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். பஞ்சு தட்டும் பகுதியில் இருந்தவர்களுக்கு ஞாயிறு விடுமுறை கழிந்து திங்கட்கிழமை வேலைக்குப் போனால் நெஞ்சு இறுக்கும், இருமல் வரும், வாரக் கடைசியில் கொஞ்சம் தணியும். ஆலையில் எல்லோருக்கும் தெரிந்த நோய் அது. அதனால் அவர் ஓய்வுபெற்று நான்கு வருடம் கழித்து இருமத் தொடங்கியபோது, பழைய பஞ்சுத் தூசு இன்னும் உள்ளே இருக்கிறது என்று அவரும் நம்பினார், நாங்களும் நம்பினோம். தூதுவளை ரசம் வைத்தோம், சித்தரத்தையை வாயில் அடக்கினார், சிரப் பாட்டில்கள் ஜன்னலோரம் வரிசையாகச் சேர்ந்தன. மூன்று மாதம் போய்விட்டது. திங்களும் வெள்ளியும் ஒரே மாதிரி இருமுகிறாரே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

வேட்டி இடுப்பில் நிற்காமல் நழுவத் தொடங்கியபோதுதான் அம்மாவுக்குப் பயம் வந்தது. அரசு மருத்துவமனையில் சளி பார்த்தார்கள், காசநோய் என்றார்கள். ஆறு மாதம் மாத்திரை, தினமும், ஒருநாள்கூட விடாமல். மாத்திரைக்கு ஒரு பைசா வாங்கவில்லை, சத்துணவுக்காக வங்கிக் கணக்கில் மாதாமாதம் பணமும் போட்டார்கள். அப்போது 500 ரூபாய், இப்போது 1000 ஆக்கிவிட்டார்கள். முதல் வாரம் சிறுநீர் செங்கல் நிறத்தில் போனதைப் பார்த்து இரத்தம் போகிறது என்று அலறிவிட்டார். அது மாத்திரையின் நிறம் என்று முன்கூட்டியே யாராவது சொல்லியிருக்கலாம். இப்போது நன்றாக இருக்கிறார். வீட்டில் இருந்த எங்கள் எல்லோரையும் பரிசோதித்தார்கள், சின்னக் குழந்தைக்குத் தடுப்பு மருந்து கொடுத்தார்கள்.

அந்த மூன்று மாதத்தில் அவர் பேரக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டே இருமியதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை. ஆசிரியை அம்மாவுக்கு அது இருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள், அதற்காகவாவது சளியைப் பார்த்துவிடுங்கள்.

மறுமொழி 5: பழைய மருந்தாளுநர்

இருமல் சிரப் என்று ஒரே பெயரில் நாம் அழைப்பவற்றுக்குள் ஒன்றுக்கொன்று எதிரான மருந்துகள் இருக்கின்றன என்பதைக் கடைக்கு வருபவர்களிடம் சொல்லிச் சொல்லி அலுத்தவன் நான். டெக்ஸ்ட்ரோமெத்தார்பன், கோடீன் போன்றவை மூளையில் இருமல் உணர்ச்சியைத் தணிப்பவை; சளியில்லாத இருமலுக்கு மட்டும் உரியவை. ஆம்ப்ராக்சால், குவாய்ஃபெனெசின் போன்றவை சளியை இளக்குபவை. டெர்புடலின், லீவோசால்புடமால் மூச்சுக்குழாயை விரிப்பவை. அவற்றை எடுத்தால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். ஆசிரியை அவர்களுக்குத் தூக்கம் தந்த சிரப்பில் பெரும்பாலும் குளோர்பெனிரமின் என்ற ஒவ்வாமை மருந்து இருந்திருக்கும். அவருடைய மாமியாரின் அச்சத்திலும் ஒரு நியாயம் உண்டு: நெஞ்சு நிறையச் சளி உள்ளவருக்கு அடக்கும் மருந்தைக் கொடுத்தால் அவர் சொன்னதுதான் நடக்கும்.

இதே சிரப்பை வீட்டுக் குழந்தைக்கும் பாதி மூடி ஊற்றிக் கொடுக்கும் பழக்கம் இருக்கிறதே, அதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். 2025 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மத்தியப் பிரதேசத்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு கலந்த சிரப்பைக் குடித்துச் சிறுநீரகம் செயலிழந்து குழந்தைகள் இறந்தார்கள். அந்தச் சிரப் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது என்பது என் தொழிலைச் சேர்ந்த எவருக்கும் தலைகுனிவு. அதை ஒட்டி மத்திய அரசு இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்து கொடுக்கவே கூடாது என்றும், ஐந்து வயதுக்குள் பொதுவாகத் தேவையில்லை என்றும் அறிவுறுத்தியது. நச்சில்லாத நல்ல சிரப்புக்கும் அந்த அறிவுரை பொருந்தும், ஏனென்றால் அந்த வயதில் அதனால் கிடைக்கும் நன்மை மிகச் சிறிது.

கேள்வி கேட்டவர் மீண்டும்: உடுமலை ஆசிரியை

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்க வேண்டும். உங்கள் மறுமொழிகளைப் படித்த அன்று இரவே மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். ராமிப்ரில் 5 என்று இருந்தது. என் கணவர் அந்தப் பெயரை வாய்விட்டுப் படித்துவிட்டுச் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை.

மறுநாள் விடுப்பு எடுத்து அரசு மருத்துவமனைக்குப் போனேன். சளி கொடுப்பதுதான் பெரும்பாடாக இருந்தது, முதல் நாள் கொடுத்தது வெறும் எச்சில் என்று திருப்பிவிட்டார்கள். மறுநாள் விடியற்காலை எடுத்துக்கொண்டு போனேன். காசநோய் இல்லை. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. ஈசினோபில் 5 விழுக்காடுதான். அங்கிருந்த மருத்துவர் மாத்திரையை டெல்மிசார்டானுக்கு மாற்றினார். அதிமதுரத்தையும் நிறுத்திவிட்டேன், நிறுத்தும் முன் பார்த்த இரத்த அழுத்தம் 150க்கு 94 இருந்தது, சென்ற வாரம் 132க்கு 84. மாற்றியதாலா நிறுத்தியதாலா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

முதல் பத்து நாள் எந்த மாற்றமும் இல்லை, நான் மனம் சலித்துவிட்டேன். மூன்றாம் வாரத்தில் ஓர் இரவு முழுவதும் விழிக்காமல் தூங்கினேன். இப்போது இருமல் முக்கால் பங்கு குறைந்திருக்கிறது. உரக்கப் பாடம் நடத்தினால் மட்டும் ஐந்தாறு முறை வருகிறது. மாமியாரிடம் பொருநைக்கரை ஐயா எழுதியதை அப்படியே படித்துக் காட்டினேன். சித்த வைத்தியரே சொல்லிவிட்டார் என்றதும் ஏற்றுக்கொண்டார், ஆனால் கை சும்மா இருக்க மறுக்கிறது. சித்தரத்தையையாவது தரலாமா என்று கேட்கச் சொன்னார். மீதமுள்ள இருமலுக்கு வேறு பரிசோதனை வேண்டுமா? சிறுநீர் கசிவு குறைந்தாலும் முழுவதும் நிற்கவில்லை, அதற்கும் யாராவது வழி சொல்ல முடியுமா?

மறுமொழி 6: பொருநைக்கரை

மகிழ்ச்சி, அம்மா. சித்தரத்தையில் சுண்டைக்காய் அளவு ஒரு துண்டைப் பகலில் ஒரு முறை வாயில் அடக்கிக்கொள்வதில் தவறில்லை. நமைச்சல் கூடினால் விட்டுவிடுங்கள். கஷாயமாக வேண்டாம். மாமியாருக்குச் செய்ய ஏதாவது வேண்டும் என்றால், இரவில் பனங்கற்கண்டு போட்ட பாலைத் தரச் சொல்லுங்கள், மிளகு ஒரு சிட்டிகையோடு நிற்கட்டும்.

மறுமொழி 7: வைகை மருத்துவர்

நல்ல செய்தி. இன்னும் இரண்டு மாதம் பொறுத்துப் பார்க்கலாம். மாத்திரையை மாற்றி மூன்று மாதம் ஆன பிறகும் இருமல் மீதி இருந்தால் ஊதிப் பார்க்கும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மூக்கின் பின்புறமாகச் சளி வடிகிறதா, வயிற்று அமிலம் மேலேறுகிறதா என்றும் பார்க்க வேண்டியிருக்கும். இனி எந்த மருத்துவமனைக்குப் போனாலும் ‘ராமிப்ரில் எனக்கு ஒத்துக்கொள்ளாது’ என்று முதலிலேயே சொல்லுங்கள், அதே குடும்பத்து மருந்து எதைக் கொடுத்தாலும் இருமல் திரும்பும்.

கசிவைப் பற்றி நீங்கள் வெளிப்படையாக எழுதியது நல்லதாயிற்று. என்னிடம் வரும் பெண்களில் பலர் நான் கேட்ட பிறகே தலையைக் குனிந்துகொண்டு சொல்கிறார்கள். சிறுநீரை நடுவில் அடக்குவதற்கு எந்தத் தசையை இறுக்குவீர்களோ, அதே தசையைச் சிறுநீர் கழிக்காத நேரத்தில் ஐந்து எண்ணும்வரை இறுக்கி, ஐந்து எண்ணும்வரை தளர்த்துங்கள். வேளைக்குப் பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை, மூன்று மாதம். வகுப்பில் நின்றபடியே செய்யலாம், யாருக்கும் தெரியாது. தொண்டையில் நமைச்சல் கிளம்பியதுமே அந்தத் தசையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பிறகு இருமுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் அது கைவந்துவிடும்.